பங்கோர் நெத்திலிக்காக ஒரு மன்றாட்டு

தோட்டத்து வீடுகளுக்குப் பாட்டுப்பெட்டி வந்தது 1975 மார்ச் மாதத்தில். சுங்கை சிப்புட்டிலிருந்து ஆறு மைல் உள்ளே தள்ளியிருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் மொத்தம் நாற்பத்தெட்டு வீடுகள். நாற்பத்தெட்டுக்கும் வீட்டுக்கொரு மரப்பெட்டி. முன்பக்கம் துணி, பின்பக்கம் கம்பி. கம்பிகளெல்லாம் ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆபீஸில் இருந்த மிசினில் ரேடியோவைத் திருப்பிவிட்டால் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் தமிழ்ப்பாட்டு வரும். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்கு ஆள் கூப்பிடுவதும் அதிலேதான்.

பெட்டியைப் பற்றி விளக்கிச் சொல்ல ஈப்போவிலிருந்து ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்தார். பிரட்டுக் களத்தில் நின்று ஆங்கிலத்தில் பதினோரு நிமிஷம் பேசினார். பேசி முடித்ததும், ஆபீஸ் கணக்கு வழக்கெல்லாம் பார்க்கும் பெரிய கிராணி பெரியநாயகம் அதைத் தமிழில் சொன்னார்.

"பாட்டு வரும். ஒடச்சா சம்பளத்துல புடிப்போம். கைநாட்டு வைங்க."

"அவரு பதினோரு நிமிஷம் பேசினாருங்களே ஐயா" என்றான் கூட்டத்தில் நின்ற மத்தியாஸ்.

"இங்கிலீஷ்ல எல்லாமே நீளமாத்தான் வரும்" என்றார் கிராணி.

காகிதமும் ஆங்கிலத்தில்தான் இருந்தது, இரண்டு பக்கம். எல்லாரும் கைநாட்டு வைத்தார்கள்.

பெட்டி மாட்ட வந்த வயர்மேன் பாஸ்கல் ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டான். "எங்க மாட்டணும்?" ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பதில்தான் கிடைத்தது. விலை கூடின சாமானை அடுப்பங்கரையில் மாட்ட முடியுமா? வீட்டிலேயே நல்ல இடம் எதுவோ அங்கேதான். இந்துக்கள் வீட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் போனது. வேதக்காரர் வீடுகள் ஆறு. அந்த ஆறிலும் திருஇருதய ஆண்டவர் படத்துக்கு வலப்பக்கம், மெழுகுவர்த்திக்கு ஒரு முழம் தள்ளி.

மத்தியாஸின் மனைவி பியாட்ரிஸ் பெட்டிமேல் ஒரு பின்னல் துணியும் விரித்தாள்.

ஏழு மணிக்கு அந்த ஆறு வீட்டிலும் செபமாலை. செபமாலை முடிந்ததும் கருத்துகள். கருத்தென்றால், அவரவர் மனசில் இருப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னதற்கு மற்றவர்கள் 'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று பதில் சொல்ல வேண்டும். மனசுக்குள் சொல்லிக்கொண்டால் பதில் சொல்ல ஆளில்லை. பதில் இல்லாத மன்றாட்டு முத்திரை ஒட்டாத கடுதாசி என்று பியாட்ரிஸின் அம்மா சொல்லுவாள்.

ஆனால் லயத்து வீடென்றால் நடுவே ஒரு பலகைதான். பலகைக்கு அந்தப்பக்கம் ராக்காயி குடும்பம். ஆகவே பியாட்ரிஸும் மத்தியாஸும் கருத்துச் சொல்லும்போது படத்தின் கிட்டேயே போய் நின்று, தாழ்ந்த குரலில் சொல்வார்கள். பெட்டியின் துணிக்கும் அவர்கள் வாய்க்கும் இடையில் ஒரு சாண் இருக்கும்.

"தஞ்சோங் ரம்புத்தான்ல எனக்குப் பக்கத்துக் கட்டில்ல இருந்த வீரம்மாவுக்காக. அவளைப் பாக்க ஒரு ஆளாவது வரணும்னு."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்பான் மத்தியாஸ்.

"மாத்திரை இல்லாம எனக்கு நல்லாத் தூக்கம் வரணும்னு."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

மூன்று வருஷத்துக்கு முன்னால், முப்பத்தாறு வயசில், பியாட்ரிஸுக்குப் பிறந்த குழந்தை அழவில்லை. அதற்குப் பிறகு அவள் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, பேசவுமில்லை. தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் ஆஸ்பத்திரியில் நாலு மாதம் இருந்து, எல்லாம் திரும்பி வந்த பிறகு வீட்டுக்கு வந்தாள். அந்த நாலு மாதமும் அவள் சித்தியவானில் இடுப்பு முறிந்த தாய்க்குப் பணிவிடை செய்துகொண்டிருந்ததாகத்தான் தோட்டம் நம்பியது. தாய்க்கு இடுப்பு முறியவில்லை. இருந்தாலும் அந்தக் கிறிஸ்துமஸுக்கு வந்த கிழவி மகளுக்காக மூன்று நாளும் நொண்டியே நடந்தாள். நாலாம் நாள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். நல்லவேளை, அது சுங்கை சிப்புட் பஸ் நிலையத்தில்.

ஜூலையில், ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த நல்லம்மாள் கிள்ளானில் இருக்கும் மகனோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னாள். தாய்மார்கள் மரம் சீவப் போகும் நேரத்தில் இருபது பிள்ளைகளுக்குப் பாலும் கஞ்சியும் கொடுத்து, தொட்டில் ஆட்டி, மூக்குச் சிந்திவிடும் வேலை. பியாட்ரிஸுக்கு அந்த வேலை வேண்டும். முதுகு ரப்பர்ப் பால்வாளியைச் சுமந்து சுமந்து போயிருந்தது என்பது ஊருக்குச் சொன்ன காரணம். இன்னொரு காரணத்தை அவள் கருத்தில்கூடச் சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆபீஸ் சன்னலில் போய் நின்றாள்.

"ஐயா, ஆயா வேலைக்குப் பேரு குடுத்திருந்தேன்."

"பாத்தேன்."

"நல்லம்மா அக்காவே என்னையத்தான் சொல்லியிருக்காங்க."

"சொன்னாங்க, சொன்னாங்க." கிராணி பேனாவை மூடினார். "ஆனா பாரு பியாட்ரிஸு, இது புள்ளைங்க காரியம். ஆயாவுக்கு நித்திரை ரொம்ப முக்கியம்."

"நான் நல்லாத் தூங்குறேனுங்களே."

"மாத்திரை இல்லாமலா?"

பியாட்ரிஸ் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

"நான் எங்கேயும் எழுதி வைக்கல" என்றார் கிராணி, உதவி செய்கிற குரலில். "திங்கக்கிழம லிஸ்டு தொரைகிட்டப் போவுது. அதுக்குள்ள நீயே பேர எடுத்துக்கிட்டா மரியாதையாப் போயிரும். எடுக்கலைன்னா நான் காரணம் எழுத வேண்டி வரும். வீண் தொல்ல. எனக்கும் சூசா, ஒனக்கும் சூசா."

அவள் படியிறங்கியபோது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"ஆமா, அந்த வீரம்மாவப் பாக்க ஆளு வந்துச்சா?"

கேலியாகக் கேட்கவில்லை. நாலு மாதமாக அந்தக் கவலை அவருக்கும் இருந்ததுபோல உண்மையாகவே கேட்டார். மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் பியாட்ரிஸை வேகமாக நடக்க வைத்தது.

வீட்டுக்கு வந்ததும் மத்தியாஸை நிறுத்தினாள்.

"யாருகிட்டச் சொன்னீங்க?"

"என்னத்த?"

"தஞ்சோங் ரம்புத்தான. மாத்திரைய. வீரம்மாவ."

"நான் எதுக்குலா சொல்லப்போறேன்?"

"கள்ளுக்கடைல வாய் தொறந்திருப்பீங்க."

"கள்ளுக்கடைல நான் வாயத் தொறக்குறது குடிக்கத்தான்."

"வீரம்மா பேரு எங்கம்மாவுக்கே தெரியாது. தெரிஞ்சது மூணு பேருக்கு. எனக்கு, ஒங்களுக்கு, ஆண்டவருக்கு."

"அப்ப நான்தான்னு முடிவே பண்ணிட்ட."

"ஆண்டவரு கிராணிகிட்டப் பேசுவாரா?"

"கோயில்ல மொத பெஞ்சுல ஒக்காருற ஆளு. யாருக்குத் தெரியும்" என்றான் மத்தியாஸ்.

பியாட்ரிஸ் பலகைச் சுவரைப் பார்த்தாள். ராக்காயியாக இருக்குமோ? ராக்காயிக்கு இது தெரிந்திருந்தால் அன்றைக்கே பலகையைத் தட்டிக் கேட்டிருப்பாள். மனசில் வைத்துக்கொள்கிற ஆளில்லை. ஆனாலும் சந்தேகம் சந்தேகம்தான்.

புதன்கிழமை மத்தியாஸ் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க ஈப்போவுக்குப் போனான். அன்றிரவு அண்ணன் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் வருவதாகப் பேச்சு. ராக்காயி குடும்பத்தோடு படம் பார்க்கச் சுங்கை சிப்புட்டுக்குப் போய்விட்டாள். அந்தப்பக்கத்து வீடு காலி. ஏழு மணிக்கு வீட்டில் பியாட்ரிஸ் மட்டும்தான். கதவைச் சாத்தினாள். செபமாலையை முடித்தாள். பிறகு வழக்கமான தாழ்ந்த குரலில், வழக்கமான இடத்தில் நின்று சொன்னாள்.

"வெள்ளிக்கிழம பங்கோர்த் தீவுலேருந்து வர்ற என் தம்பிக்காக. ஒரு பிஸ்கட் டின்னு நெறைய நெத்திலி கொண்டு வாரான். அவனும் நெத்திலியும் பத்திரமா வந்து சேரணும்னு."

பதில் சொல்ல ஆளில்லாததால் அதையும் அவளே சொன்னாள். பொய்யை மன்றாட்டாகச் சொன்னது பாவம் என்று தெரிந்துதான் இருந்தது. அதற்காக மன்னிப்புக் கேட்டுத் தனியாக ஒரு மனஸ்தாப மந்திரமும் சொன்னாள். அதை மனசுக்குள் சொன்னாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கிராணியின் மனைவி நவமணி ஒரு மூடிபோட்ட பாத்திரத்தோடு வாசலில் நின்றாள். லயத்துப்பக்கம் அவள் வருவது வருஷத்துக்கு ஒரு முறை, கிறிஸ்துமஸ் பலகாரத்தோடு.

"பியாட்ரிஸு, இருக்கியா?"

"வாங்கக்கா. என்ன இவ்வளவு தூரம்?"

"சும்மாதான். ஒந்தம்பி நெத்திலி கொண்டு வாரானாமே."

"நாளைக்குத்தானேக்கா வாரான்."

"தெரியும், தெரியும். முன்னாடியே பாத்திரத்தக் குடுத்து வச்சா நல்லதுன்னு பாத்தேன். எங்க ஊட்டுக்காரருக்குப் பங்கோர் நெத்திலின்னா உசிரு. கொஞ்சம் போதும்."

பாத்திரம் கொஞ்சத்துக்கான பாத்திரம் இல்லை.

"வந்ததும் தாரேன்க்கா" என்று வாங்கி வைத்துக்கொண்டாள் பியாட்ரிஸ்.

அவள் வீட்டுக்கு ஒரே பிள்ளை. தம்பி என்று ஒருவன் பிறந்ததே இல்லை.

நவமணி போன பிறகு அவள் பீடத்தின்முன் நின்று நிதானமாகப் பார்த்தாள். நேற்று மாலை ஏழு மணிக்கு வீட்டுக்குள் இருந்தது மூன்று பேர்: அவள், திருஇருதய ஆண்டவர், பெட்டி. ஆண்டவர் அதே ஆணியில் இருபது வருஷமாகத் தொங்குகிறார். ஒரு நாளும் எதையும் வெளியே சொன்னதில்லை. பெட்டி வந்து நாலு மாதம்.

பின்னல் துணியை எடுத்து மடித்து வைத்தாள்.

பாஸ்கல் ஆபீஸ் பின்கட்டில் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் கிராணி ஸ்டோருக்குப் போயிருப்பார்.

"பாஸ்கலு, அந்தப் பெட்டி பேசுமா?"

"பேசுதேக்கா. பாட்டே பாடுது."

"கேக்குமா?"

பாஸ்கல் கம்பி சுற்றுவதை நிறுத்தினான். "கேக்கும். ஒரு பக்கம் தள்ளுனா வாயி, இன்னொரு பக்கம் தள்ளுனா காது. சாமான் ஒண்ணுதான். உள்ள மிசின்ல நாப்பத்தெட்டு சாவி இருக்கு, வீட்டுக்கு ஒண்ணு. கீழ தள்ளுனா வீட்டுக்குப் பாட்டு போவும். மேல தள்ளுனா வீடு இங்க வரும்."

"எங்க வீடு?"

"பதினேழாம் நம்பரு."

"இத ஏம்பா எங்ககிட்டச் சொல்லல?"

"அன்னைக்கே அந்த டை கட்டுன ஆளு சொன்னாரேக்கா! ஆபத்து அவசரம்னா கூப்பிட்டாக் கேக்கும்னு அஞ்சு நிமிஷம் அதத்தானே சொன்னாரு. நீங்கள்லாம் கைநாட்டு வச்சீங்க, சரி, சம்மதம்னு நான் நெனச்சேன்."

"சாயங்காலம் ஏழு மணிக்கு உள்ள யாரு இருப்பா?"

பாஸ்கல் கம்பியைப் பார்த்தான். "பெரிய கிராணிதான். கணக்குப் பாக்குறேன்னு சொல்லுவாரு. வெளக்கு எரியாது."

சாயங்காலம் தண்ணிக் குழாயடியில் பியாட்ரிஸ் இதைச் சொன்னாள். தன் கருத்துகள் என்ன என்பதைச் சொல்லவில்லை. பெட்டி கேட்கிறது என்பதை மட்டும் சொன்னாள். ராக்காயி குடத்தைக் கீழே வைத்தாள்.

"எங்க வீட்டுதுமா?"

"நாப்பத்தெட்டும்."

"ஐயையோ. முருகன்கிட்ட நான் எங்க மாமியாளப் பத்தி என்னென்னமோ சொல்லியிருக்கேன் அக்கா."

"அவங்க செத்து ஏழு வருஷமாச்சே."

"அதுக்கப்புறமும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."

என்ன செய்வது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். தலையணையை வைத்து அமுக்கலாம். கோழிக்கூண்டில் மாட்டலாம். கம்பியை அறுக்கலாம். அறுத்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஈப்போவிலிருந்து கன்னம் வீங்கித் திரும்பியிருந்த மத்தியாஸ், பெட்டியைக் கழற்றிச் சாக்கடையில் போடுவதுபோல் கையால் காட்டினான். இரண்டு நாளைக்குப் பேசக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. குற்றம் சாட்டப்பட்ட ஆள் நிரபராதி என்று தெரிந்த நாளில் அவனால் ஒரு வார்த்தை பேச முடியாமல் போனது.

"இனிமே மனசுக்குள்ளயே சொல்லிக்குவோம்" என்றாள் ஆறாம் வீட்டுக்காரி.

"நான் வாய்விட்டுத்தான் சொல்லுவேன்" என்றாள் பியாட்ரிஸ். "என் வீடு, என் பீடம். கிராணி கேக்குறாரு, கேக்கட்டும். கேக்குறவருக்கும் ஒரு கருத்துச் சொல்லணும்ல?"

ராக்காயிதான் முதலில் சிரித்தாள். "அப்ப நானும் சொல்லுறேன். அவரு மகன் பரீட்சைல மூணு வாட்டி…"

"அது அவரு வீட்டுக் கத" என்று வெட்டினாள் பியாட்ரிஸ். "அத எடுத்தா நமக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? அவரு நமக்குச் செய்யறத மட்டும் சொல்லுவோம். நல்லதாவே சொல்லுவோம்."

அன்று ஏழு மணிக்குச் செபமாலை முடிந்ததும், பியாட்ரிஸ் பெட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள்.

"பெரிய கிராணி பெரியநாயகம் ஐயாவுக்காக. வெளக்குக்கூடப் போடாம இருட்டுல ஒக்காந்து, வீடு வீடா எங்களை விசாரிக்கிறாரு. ராச்சோறு ஆறிப்போவுது. அவரு சூடாச் சாப்பிடணும்னு."

"எம்ம மம்மாத்தக் கேத்தருடும்" என்றான் மத்தியாஸ், வீங்கின வாயால்.

"நாப்பத்தெட்டு வீட்டுப் பாரத்தையும் சுமக்குற அவரு காதுக்கு ஓய்வு கெடைக்கணும்னு."

"கேத்தருடும்."

பலகைக்கு அந்தப்பக்கத்திலிருந்து ராக்காயியின் குரல் வந்தது. "முருகா, எங்க கிராணி ஐயா இருட்டுல வீட்டுக்குப் போவும்போது வேட்டி சைக்கிள் செயின்ல மாட்டாமப் பாத்துக்க."

வெள்ளிக்கிழமை ஆறு வேதக்காரர் வீட்டிலும் பெரியநாயகத்துக்காகக் கருத்துச் சொன்னார்கள். ஒரு வீட்டில் அவருடைய பாதுகாவலர் எந்தப் புனிதர் என்று தெரியாமல் நாலு புனிதரைக் கூப்பிட்டார்கள். முருகன் வீடுகள் பதினொன்று சேர்ந்தன. சனிக்கிழமை காலைப் பிரட்டில் கிராணி யாருடைய முகத்தையும் பார்க்காமல் பேர் கூப்பிட்டார். பேர் கூப்பிடப்பட்ட ஒவ்வொருவரும் அவரை மிகவும் அன்போடு பார்த்தார்கள்.

சனிக்கிழமை ஏழேகாலுக்குப் பியாட்ரிஸ் வீட்டு வாசலில் சைக்கிள் நின்றது. கிராணி உள்ளே வந்து நாற்காலியில் உட்காரவில்லை.

"மத்தியாசு, என்ன இது? தெனமும் செபத்துல என் பேர இழுக்குறீங்களாமே."

மத்தியாஸுக்கு அன்றைக்குத்தான் வாய் திரும்பியிருந்தது. முதல் வார்த்தையை ருசித்துச் சொன்னான்.

"ஒக்காருங்கய்யா."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"ஒங்களுக்கு யாருய்யா சொன்னா?" என்றாள் பியாட்ரிஸ்.

கிராணி வாயைத் திறந்தார். வாய் திறந்தபடியே பீடத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆபத்து அவசரத்துக்குன்னுதான் கம்பெனி வச்சுது" என்றார். "யாருக்காவது ஏதாவது ஆனா ஆபீஸ்ல ஒரு ஆளு கேக்கணும்ல? மொதல்ல அப்படித்தான் ஆரம்பிச்சேன். அப்புறம்… ஒரு வீட்டுல ஒரு கஷ்டம்னு தெரிஞ்சா, மறுநாளு அது என்னாச்சுன்னு தெரியாம இருக்க முடியல. சத்தியமாச் சொல்றேன் பியாட்ரிஸு, அந்த வீரம்மாவ நெனச்சு நான் ரெண்டு நாளு சரியாச் சாப்பிடல."

"அவ ஒங்க வீரம்மா இல்லீங்கய்யா."

கிராணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தொரைகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இல்ல. மாதா மேல ஆணையா இல்ல."

"நவமணி அக்காகிட்ட?"

கிராணி தன் கால் விரல்களைப் பார்த்தார். "நெத்திலி மட்டும் சொன்னேன்."

"ஐயா."

"எல்லாத்தையும் சொன்னேன்."

பியாட்ரிஸ் உள்ளே போய் மூடிபோட்ட பாத்திரத்தைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். கனமாக இருந்தது. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித்தரும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. உள்ளே புளியிட்ட கீரை இருந்தது.

"நெத்திலி வரலீங்க. எனக்குத் தம்பி பொறக்கவே இல்ல. அக்காகிட்டச் சொல்லிருங்க."

கிராணி பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தார். கணக்கு வந்ததும் முகம் மாறியது.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம" என்றாள் பியாட்ரிஸ். "ஈப்போலேருந்து சாமியாரு வாராரு. பூசையில விசுவாசிகள் மன்றாட்டு இருக்கு. இதே கருத்த அங்கேயும் சொல்லலாமான்னு ஆறு வீட்டுலயும் கேக்குறாங்க. நான் இன்னும் பதில் சொல்லல."

"என்ன வேணும் ஒனக்கு? ஆயா வேலதானே? பேர அனுப்பிடுறேன்."

"அது என் மொறைக்கு வர்றது. அத நீங்க குடுக்கவேண்டாம், தடுக்காம இருந்தாப் போதும். நான் கேக்குறது வேற. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சுவிட்சு வேணும், வீட்டுப்பக்கத்துல. வேணும்னா நாங்க போடுவோம், வேண்டாம்னா அணைப்போம். அப்புறம் அந்த இங்கிலீஷ் காகிதம். பதினோரு நிமிஷத்தையும் நீங்க தமிழ்ல சொல்லணும். பிரட்டுல."

"எல்லாத்தையுமா?"

"ஒடச்சா சம்பளத்துல புடிக்கிறது மட்டும் வேண்டாம். அத ஏற்கெனவே சொல்லிட்டீங்க" என்றான் மத்தியாஸ்.

கிராணி எழுந்தார். வாசலில் நின்று ஏதோ கேட்க வாயெடுத்தார். வீரம்மாவைப் பற்றியாகத்தான் இருக்கும். கேட்காமல் போய்விட்டார்.

சொன்னதைச் சொல்லாததாக ஆக்க முடியாது. நவமணிக்குத் தெரிந்தது ஞாயிறு பூசை முடிவதற்குள் நாலு பெஞ்சுக்குப் போய்விடும் என்று பியாட்ரிஸுக்குத் தெரியும். அதனால் பூசைக்குப் போவதற்கு முன்னால் பலகையைத் தட்டினாள். ராக்காயியின் கடைக்குட்டி ஆயாக்கொட்டகைப் பிள்ளை. யாரிடமிருந்தாவது ராக்காயி கேட்கத்தான் வேண்டும் என்றால் அது தன் வாயிலிருந்து இருக்கட்டும்.

"ராக்காயி, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் சித்தியவான்ல இருந்தேன்னு சொன்ன நாலு மாசம், தஞ்சோங் ரம்புத்தான்ல இருந்தேன்."

ராக்காயி சுற்றிக்கொண்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"பாப்பா போனப்பவா?"

"ஆமா."

"அப்ப ஒங்கம்மாவுக்கு இடுப்பு?"

"ஒடையல."

"நான் அவங்களுக்கு எண்ணெ தேச்சுவிட்டேனே அக்கா, மூணு நாளு."

"நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்க."

ராக்காயி குரலைத் தாழ்த்தினாள். "இப்பத் தூங்குறியா?"

"மாத்திரை போட்டா நல்லாத் தூங்குறேன். பகல்ல ஒண்ணுமில்ல."

"எம்பிள்ளை பகல்லதானே கொட்டகைல இருக்கப்போறான்" என்றாள் ராக்காயி. பிறகு, "நல்லம்மா மாத்திரை போடாமலே பகல்ல தூங்குவா" என்றாள்.

திங்கட்கிழமை பிரட்டில் கிராணி காகிதத்தைப் பிரித்துத் தமிழில் படித்தார். கொசு கடித்தது, யாரும் நகரவில்லை. 'வீட்டில் எழும் சத்தத்தை ஆபீஸில் கேட்க இயலும்' என்ற வரி வந்தபோது ஒருவன் கை தூக்கினான்.

"எங்கப்பாவுக்கு ஏப்ரல்ல மூச்சுத் திணறுச்சே. விடிய விடியக் கூப்பிட்டமே. கேட்டுச்சாய்யா?"

"ஏழு மணிலேருந்து எட்டு மணிக்குள்ள கூப்பிட்டிருந்தாக் கேட்டிருக்கும்" என்றார் கிராணி. அவர் உண்மையைத்தான் சொன்னார்.

படித்து முடிக்கப் பன்னிரண்டு நிமிஷம் ஆனது. தமிழில்தான் கொஞ்சம் நீளமாக வந்தது.

அன்றைக்கு லிஸ்டும் போனது. தொரை எல்லா லிஸ்டிலும் படிக்காமல் கையெழுத்துப் போடுவதுபோல அதிலும் போட்டார். பியாட்ரிஸ் ஆயாக்கொட்டகைக்குப் போன முதல் நாள் இருபது பிள்ளைகளில் பதினாலுதான் வந்தன. நவமணி நாலு பெஞ்சோடு நிற்கவில்லை. வந்தவர்களிடமோ வராதவர்களிடமோ பியாட்ரிஸ் எதையும் விளக்கவில்லை. இரண்டு வாரத்தில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பாட்டிமார்களுக்கு அலுத்துவிட்டது. மூன்றாம் வாரம் பத்தொன்பது. இருபதாவது பிள்ளை கடைசிவரைக்கும் வரவில்லை. பியாட்ரிஸ் அதன் தொட்டிலையும் துடைத்துத்தான் வைத்தாள்.

சுவிட்ச் போட ஒரு மாதமானது. பாஸ்கல் வீடு வீடாக வந்து பெட்டிக்குக் கீழே கறுப்பாக ஒன்றைப் பொருத்தினான்.

"இத அணைச்சா பாட்டும் வராதாமே" என்றாள் ராக்காயி.

"ஒரே கம்பிக்கா. பாட்டு வரணும்னா காதும் தொறந்திருக்கும்."

"பாட்டு வரணும், ஆனா கேக்கக்கூடாது. அப்படி ஒண்ணு மாட்டிவிடேன்."

"அப்படி ஒண்ணு இன்னும் வரலக்கா."

"வந்தா மொதல்ல பதினெட்டாம் நம்பருக்குக் கொண்டா" என்று தன் வீட்டைக் காட்டினாள் ராக்காயி.

அன்றைக்கு ஏழு மணிக்கு லயம் நெடுக டக், டக் என்று சத்தம் கேட்டது. பாதிப் பாட்டில் பாட்டு நின்றது. ராக்காயி வீட்டில் மட்டும் அந்தப் பாட்டு முடிகிறவரை ஓடி, பிறகு டக்.

பியாட்ரிஸ் செபமாலையை முடித்தாள். மெழுகுவர்த்தியைத் தள்ளி வைத்துவிட்டுப் படத்தின் கிட்டே போய் நின்றாள். குரல் தானாகத் தாழ்ந்தது.

"வீரம்மாவுக்காக. அவளைப் பாக்க ஞாயித்துக்கெழம நானே போறேன். என்னைய அவளுக்கு அடையாளம் தெரியணும்னு."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

"மாத்திரை கொறையணும்னு."

"கேட்டருளும்."

"பெரிய கிராணி பெரியநாயகம் ஐயாவுக்காக. அவரு சூடாச் சாப்பிடணும்னு."

மத்தியாஸ் பதில் சொல்லவில்லை. பெட்டியின் கீழே சுவிட்சைக் குனிந்து பார்த்தான். அணைந்துதான் இருந்தது.

"அவருக்குத்தான் கேக்காதே. இன்னும் எதுக்குலா?"

"பழகிருச்சு" என்றாள் பியாட்ரிஸ். "பதில் சொல்லுங்க."